மூவாயிரம் சுற்றில் கால் மணி நேரம்

வியாழக்கிழமை காலை பத்து இருபத்தைந்துக்குக் கருவிக்குள் சுழலும் ரோட்டர் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று வேகத்தைத் தொட்டது. தவறு அந்த நிமிடத்தில்தான் தொடங்கியது. அப்போது நான் கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, தே தாரிக் என்கிற நுரைத் தேநீர் குடிக்கக் கேண்டீனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கருவியில் எந்த விளக்கும் சிவக்கவில்லை, எந்த மணியும் அடிக்கவில்லை. பத்து நாற்பதுக்குத் திரும்பி வந்து மிச்ச வேலையைப் பார்த்தேன். மாலையில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏழு மாதம் கழித்து அந்தக் கையெழுத்து என் வீட்டுக்கே வந்து, என் மகளை மருத்துவமனைக் கட்டிலில் கிடத்தியது.

இதை எழுத வைத்தவள் யோகா. ஜொகூர் பாருவை அடுத்த செனாய் பக்கத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இன்று என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். இரண்டு மாதத்துக்கு முன்பு போன் செய்தாள். பழைய கருவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகிறார்களாம். அதன் இடத்தில் ரொட்டி சுடும் பெட்டி அளவுக்கு ஒன்று வந்திருக்கிறதாம். ஒளியைப் பாய்ச்சியே துகளின் அளவைச் சொல்லிவிடுமாம். "அங்கிள், நீங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பார்த்தத இது ரெண்டு நிமிஷத்துல சொல்லுது. நீங்கள்லாம் அங்க என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள். கேலிதான். ஆனால் கேட்ட கேள்வி சரியானது. தே குடித்தோம் என்று சொன்னேன். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பிறகு நிறுவனத்திலிருந்தும் கேட்டார்கள். கருவிக்கு விடைகொடுக்கும் சிறு மலருக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வேண்டுமாம், சிரித்த முகத்தோடு ஒரு படமும் வேண்டுமாம். அந்தப் பக்கத்தை நான் எழுதவில்லை. இதை எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிகாமட்டில் பள்ளி, பிறகு வேதியியல் பட்டம், பிறகு கையுறைத் தொழிற்சாலையில் ஏழு வருடம் ரப்பர் பாலின் கெட்டித்தன்மையை அளந்தது. அங்கிருந்து இங்கே வந்தேன். இங்கே ரத்தச் சோதனைப் பட்டைகள் செய்தார்கள். டிங்கிக் காய்ச்சலுக்கு, டெங்கு என்பார்களே அதற்கு, விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் விட்டால் ஒரு கோடு தெரியுமா இரண்டு கோடு தெரியுமா என்று பார்ப்போமே, அந்தப் பட்டை. இரண்டு தெரிந்தால் டிங்கி. கோட்டுக்கு நிறம் கொடுப்பது தங்கம். நகைத் தங்கத்தின் மஞ்சள் அதில் இருக்காது; அவ்வளவு பொடியாகிவிட்டால் தங்கம் நீரில் சிவப்பாகத் தெரியும். எங்கள் துகள் இருபது நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் நாலாயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம். அவை ஒவ்வொன்றும் தனித்தனியாக மிதக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டினால் பட்டையின் அடிப்பஞ்சிலேயே சிக்கிக்கொள்ளும், கோடு வெளிறிப்போகும்.

தனித்தனியாக இருக்கின்றனவா, சரியான அளவில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் பன்னிரண்டு வருடம் என் வேலை. அதற்கு இருந்தது அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் என்ற மையவிலக்குக் கருவி. துணி துவைக்கும் இயந்திரத்தைப் போல் இரண்டு மடங்கு பருமன். எங்கள் ஆட்கள் அதை 'மெசின் பெசார்' என்றுதான் சொல்வார்கள், பெரிய மெசின் என்று. அதைப் பழக என்னைப் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு மூன்று வாரம் அனுப்பினார்கள். அங்கே கற்றுக் கொடுத்தவர்கள் புரதத்தைச் சுழற்றுகிறவர்கள். நல்ல மனிதர்கள், சுத்தமான கைகள். வாழ்நாளில் உலோகத்தைத் தொட்டதில்லை.

வேலை செய்கிற விதம் இது. உள்ளங்கையில் அடங்கும் ஓர் அலுமினிய உருளை, அதன் நடுவே இரண்டு சிறு அறைகள், மேலும் கீழும் குவார்ட்ஸ் கண்ணாடி. கண்ணாடியில் விரல் ரேகை பட்டால் அன்றைய வேலை கெட்டது. ஓர் அறையில் தங்கக் கரைசல், பக்கத்து அறையில் தங்கம் இல்லாத அதே திரவம். ஊசியால் பக்கத் துளை வழியாக மெல்ல விட வேண்டும். குமிழி வந்தால் எடுத்துவிட்டு மறுபடியும். மூடியை அளவு பார்க்கும் ஸ்பேனரால் முறுக்க வேண்டும். குறைந்தால் ஒழுகும், கூடினால் கண்ணாடி விரிசல் விடும். உருளையை ரோட்டரின் ஒரு குழியில் வைத்து, எதிர்க் குழியில் அதே எடைக்கு இன்னொன்று. கதவை மூடி, காற்றை உறிஞ்சி எடுத்து, இருபது டிகிரி வரும்வரை காத்திருந்து, சுழற்ற வேண்டும். சுழலும்போது கருவி ஒளியைப் பாய்ச்சி, அறையின் எந்த இடத்தில் எவ்வளவு சிவப்பு இருக்கிறது என்று படம் படமாக எடுக்கும். கனத்த துகள் விரைவாக அறையின் அடிக்கு ஒதுங்கும், இலேசானது மெல்லப் போகும். போகிற வேகத்தைக் கொண்டு அளவைக் கணக்கிடலாம். அழகான வேலைதான். அதை இன்றும் மறுக்க மாட்டேன்.

எங்கள் துறைத் தலைவர் டாக்டர் நவநீதன். மருத்துவர் கிடையாது, ஆராய்ச்சிப் பட்டம். சோதனைக்கூடத்துக்குள் வர வேண்டுமானால் குனிந்து காலணிக்கு உறை மாட்ட வேண்டும். அவர் குனிய மாட்டார். ஆகவே பன்னிரண்டு வருடமும் எங்கள் சோதனைக்கூடத்தை வாசலில் நின்றபடியே நிர்வகித்தார். ஒரு கை கதவு நிலையில், மறு கை நீட்டியபடி. அறிக்கையைக் கொண்டுபோய் அந்தக் கையில் கொடுக்க வேண்டும். வாங்கியதும் அவர் செய்கிற முதல் காரியம், உள்ளங்கையை விரித்து வரைபடத்தின் மேல் வைத்து மறைப்பது. கடைசி வரி மட்டும் விரல்களுக்குக் கீழே தெரியும். அதை வாசிப்பார். "ஒரே நம்பர் சொல்லுங்க மிஸ்டர் குணா. எனக்குப் படம் காட்டாதீங்க" என்பார். ஒரு குழம்பில் என்னென்ன கிடக்கிறது என்று காட்டுவதற்காக வாங்கிய கருவியிடம் ஒரே எண்ணைக் கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது? நான் எண்ணைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

முதல் வருடம் வெள்ளித் துகள் வந்தது, கட்டுத் துணியில் பூசுவதற்கு. சிங்கப்பூரில் கற்றபடி நாற்பதாயிரம் சுற்றில் ஓட்டினேன். முதல் படத்திலேயே அறை காலி. துகள் எல்லாம் வேகம் ஏறும்போதே அடியில் போய் ஒட்டிக்கொண்டது. புரதத்துக்கு ஒரு நாள் பிடிக்கும் தூரத்தை வெள்ளி கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிட்டது. நான் விளக்கப் போவதற்கு முன்பே டாக்டர் நவநீதன் வாசலில் நின்று, வாடிக்கையாளருக்குப் போகும் கடிதத்தில் 'மாசு எதுவும் காணப்படவில்லை' என்று எழுதச் சொல்லிவிட்டார். துகளும் காணப்படவில்லை என்று நான் சொன்னபோது, எதைக் கேட்டார்களோ அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார். இன்னொரு தடவை தங்கத்தின் அளவு பதினெட்டு என்று வந்தது. துகளின் மேல் புரதப் பூச்சு இருப்பதால் அடர்த்தி குறையும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். எவ்வளவு குறையும் என்று அளந்து பார்க்க இரண்டு நாள் கேட்டேன். அவர் என்னைக் கணினி முன் உட்காரவைத்து, வாசலிலிருந்தபடியே அடர்த்திக்கு ஒவ்வோர் எண்ணாகச் சொல்லி, இருபது வரும்வரை மாற்றச் சொன்னார். இருபது வந்ததும் அதுதான் அடர்த்தி என்று முடிவானது.

இப்படியெல்லாம் எழுதிக்கொண்டே போனால் நான் யோக்கியன் போலத் தெரியும். வெள்ளிக் கதையை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஓட்டும் வேகத்தைக் குறைத்தோம், தங்கத்துக்கு ஆறாயிரம் என்று வைத்தோம், கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டோம். ஆனால் புரதக்காரர்களின் செய்முறையிலிருந்து ஒரே ஒரு படியை அப்படியே விட்டுவிட்டோம். முழு வேகத்துக்குப் போகும் முன் மூவாயிரத்தில் நிறுத்தி, உருளை ஒழுகுகிறதா என்று பார்ப்பது. தாளில் மூன்று நிமிடம் என்று இருந்தது. கருவி தானாகப் பார்த்துக்கொள்ளும், ஆள் தேவையில்லை. அந்த நேரம் கேண்டீனில் தே நேரம். மூன்று நிமிடம் எங்கள் பழக்கத்தில் கால் மணி நேரம் ஆனது. 'மூவாயிரத்துல போட்டுட்டு வா' என்றால் தே குடிக்க வா என்று அர்த்தம். ஒழுகல் பார்ப்பது சோதனையில் சேராது என்று எங்கள் எல்லோருக்கும் நினைப்பு. தங்கத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சுழற்றினால் போகும். தனித் துகள் அந்தக் கால் மணி நேரத்தில் இரண்டு மில்லிமீட்டர் நகரும். கட்டி தட்டியது, நாங்கள் தே குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு நாங்கள் எடுக்கும் முதல் படத்தில் அது இருக்காது.

அந்த வியாழக்கிழமை, மெசினை ஓட்டுவதற்கு முன்பே மல்லிகா அக்கா வந்தார். பஞ்சில் தங்கத்தைப் பூசும் அறையில் வேலை, என்னைவிட நாலு வயது மூத்தவர், தினமும் கூலாயிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருவார். புதிய லாட்டின், அதாவது புதிதாகச் செய்த தொகுதியின், போத்தலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார்.

"தம்பி, எப்பவும் ரோஸ் சிரப் மாதிரி இருக்கும். இது மங்குஸ்தான் தோலக் கழுவுன தண்ணி மாதிரி இருக்கு. பாருங்க."

பார்த்தேன். கொஞ்சம் ஊதா இருந்ததா, வெளிச்சமா என்று எனக்கு அப்போது உறுதியாகத் தெரியவில்லை. வாசலில் நின்றிருந்த டாக்டர் நவநீதனுக்கு உறுதியாகத் தெரிந்தது. "கண்ணால பார்த்தே சொல்லிடலாம்னா மெசின் பெசார எதுக்கு வாங்கினோம்? மல்லிகாவையே உள்ள உட்கார வச்சிருக்கலாமே," என்றார். மல்லிகா அக்கா போத்தலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் சிரித்தேன். அவருக்காகச் சிரித்தேனா, பழக்கத்தில் சிரித்தேனா என்று இன்றைக்குப் பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை.

சோதனை முடிவு அருமையாக வந்தது. ஒரே கூர்முனை, இருபது நானோமீட்டர், அக்கம் பக்கத்தில் எதுவும் இல்லை. எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. மேசையிலிருக்கும் சாதாரண நிறமானியில் அதே கரைசலின் சிவப்பு 0.93. மெசின் பெசாரின் முதல் படத்தில், ஒளி கரைசலைக் கடக்கும் தூரத்தின் வித்தியாசத்தைச் சரிக்கட்டிய பிறகு, 0.71. கால் பங்கு சிவப்பைக் காணோம். எங்கே போனது? நீர் கலக்கும்போது நான் கை தவறியிருக்கலாம் என்று நினைத்தேன். குறிப்பேட்டில் அந்த இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் 'நீர் கூடிவிட்டதா?' என்று எழுதினேன். கேள்விக்குறியும் போட்டேன். மறுபடி ஓட்டினால் மறுநாள் மதியம் வரை ஆகும். வாசலில் கை நீண்டிருந்தது.

அடுத்தது வீட்டுக் கதை. எங்கள் தொழிற்சாலையில் அட்டை நசுங்கிய பெட்டிகளைக் கடைக்கு அனுப்ப மாட்டார்கள். உள்ளே இருப்பது நல்ல சரக்கு என்பதால் ஊழியர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவோம். ஸ்கூடாயில் எங்கள் வீட்டு மருந்து அலமாரியில் எப்போதும் இரண்டு பெட்டி இருக்கும். எங்கள் தாமானில், குடியிருப்பில், யாருக்காவது காய்ச்சல் என்றால் குணா வீட்டில் டிங்கிப் பெட்டி இருக்கிறது என்று வருவார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை. போதாக்குறைக்குப் பெட்டிக்குள் இருக்கும் விளக்கத் தாளின் தமிழ்ப் பக்கம் நான் எழுதியது.

என் மகள் தர்ஷினிக்கு அப்போது பதினெட்டு வயது. சனிக்கிழமை காய்ச்சல் தொடங்கியது. திங்கட்கிழமை மாலை நானே அவள் விரலில் குத்தினேன். பதினைந்து நிமிடத்தில் ஒரு கோடுதான் தெரிந்தது, பட்டை வேலை செய்கிறது என்று காட்டும் கோடு. டிங்கி இல்லை என்று அறிவித்தேன். ஆமாம், வீட்டிலும் நான் அறிவிப்பேன். என் மனைவி சாந்தி சமையலை முடித்து வந்து மேசையைத் துடைக்கும்போது பட்டையைக் கையில் எடுத்தாள்.

"ஏங்க, இங்க இன்னொரு கோடு மாதிரி தெரியுதே."

"அது காயுற தடம். இருபது நிமிஷத்துக்கு அப்புறம் தெரியுறது கணக்குல இல்ல. தாள்லயே போட்டிருக்கு."

"நான் தாளப் பார்க்கல. கோட்டப் பார்க்குறேன்."

தாளில் அப்படித்தான் இருக்கிறது. அந்த வரியை நான்தான் எழுதினேன், மறுபடியும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பட்டையைக் குப்பையில் போடாமல் ஒரு டிஷ்யூவில் சுற்றி அலமாரியில் வைத்தாள். அதையும் நான் கிண்டல் செய்தேன்.

புதன்கிழமை காய்ச்சல் இறங்கியது. சந்தோஷப்பட்டோம். கஞ்சி கேட்டாள், கொடுத்தோம். டிங்கியில் காய்ச்சல் இறங்குகிற அந்த நாள்தான் ஆபத்தான நாள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தாளில் அதையும் எழுதியிருக்கிறேன். ஆனால் என் கணக்கில் இது டிங்கி இல்லையே. வியாழக்கிழமை காலை அவள் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வயிறு வலிக்கிறது என்றாள். கை ஐஸ் போல இருந்தது. ஜொகூர் பாருவில் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் அவள் விரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தார். நகம் வெளுத்தது. விட்டதும் சிவக்க வேண்டும், வெளுத்தபடியே இருந்தது. டாக்டர் அந்த நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தை நான் என் வாழ்க்கையில் வேறு எந்தக் கருவியைக் கொண்டும் அளந்ததில்லை. நிமிர்ந்து, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். வீட்டில் பரிசோதித்தோம், இல்லை என்று காட்டியது என்றேன். எந்தப் பெட்டி என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். அங்கே வேலை செய்கிறேன் என்பதைச் சொல்லவில்லை.

ரத்தத் தட்டணுக்கள் படுவேகமாக இறங்கியிருந்தன. ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்துகொண்டிருந்தது. அடுத்த இரண்டு மூன்று நாளைத் தாண்டிவிட்டால் பிழைப்பாள் என்றார்கள். தாண்டாவிட்டால் என்ன என்று சாந்தி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தீவிரக் கண்காணிப்பு வார்டில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம். சாந்தி உள்ளே இருந்தாள். வெளியே வந்த ஒரு தடவை என்னிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "கோட்ட நான் பார்த்தேன்."

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குச் சோதனைக்கூடத்துக்குப் போனேன். மகளை விட்டுவிட்டு வேலைக்குப் போனான் என்று பேசியவர்கள் உண்டு, பேசட்டும். வீட்டுப் பெட்டியின் லாட் எண்ணைக் குறிப்பேட்டில் தேடினேன். அந்த வியாழக்கிழமைப் பக்கம் வந்தது. கிடங்கில் ஒதுக்கி வைத்திருந்த மாதிரிப் போத்தலை எடுத்து உருளையை நிரப்பினேன். இரண்டு தடவை குமிழி வந்தது. இந்த முறை மூவாயிரத்தில் நிறுத்தவில்லை. ஆயிரம் சுற்றிலேயே வைத்து, சுழலத் தொடங்கியதுமே படம் எடுக்க வைத்தேன். தே குடிக்கப் போகவில்லை. கருவியின் திரையில் கட்டிகளின் விளிம்பு அறையின் மேலிருந்து அடிக்கு, ஆற அமர, ஊர்வலம் போவது போல் நகர்ந்தது. அரை மணி நேரத்தில் மறைந்தது. தனித் துகள்கள் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றன. கால் பங்கு சிவப்பு எங்கே போனது என்று எனக்குக் காட்டிவிட்டது. ஏழு மாதம் தாமதமாக.

டாக்டர் நவநீதனைக் கூப்பிட்டேன். வந்தார், வாசலில் நின்றார். வரைபடத்தை நீட்டினேன். என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. உள்ளங்கையை விரித்து அதன் மேல் வைத்தார்.

"ஏழு மாசம் ஸ்டோர்ல இருந்தா கட்டி தட்டாதா?"

அன்றைக்கே தட்டியிருந்தது என்றேன். குறிப்பேட்டைத் திறந்து 0.93, 0.71 இரண்டையும் காட்டினேன். அதை மட்டும் அவர் முழுவதும் வாசித்தார். என் கேள்விக்குறி வரை வாசித்தார்.

"இது உங்க கையெழுத்துதானே மிஸ்டர் குணா? கீழ தேர்ச்சின்னு போட்டதும் நீங்கதானே?"

"நான்தான் சார்."

"அப்போ யோசிச்சுப் பேசுங்க. பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கு, நீங்க நிதானத்துல இல்ல. போய் அவளப் பாருங்க. நானே அங்க வந்து பேசுறேன்."

அவர் போனதும் அதே மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். தரப் பிரிவுக்கு ஒன்று, வெளியே யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்கு ஒன்று. லாட் எண், இரண்டு வரைபடம், குறிப்பேட்டுப் பக்கம், தே நேரம், எல்லாவற்றையும் வைத்தேன். தவறு செய்தவர் என்ற இடத்தில் என் பெயரைத்தான் எழுதினேன். வேறு யார் பெயரை எழுத முடியும்? டாக்டர் நவநீதன் பன்னிரண்டு வருடத்தில் ஒரு தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. வாசலில் நிற்பதில் அந்த வசதி உண்டு. அந்தக் கடிதத்தோடு என் வேலையும் முடிந்தது என்று அப்போதே தெரியும். அடுத்த மாதம் முறைப்படி விலகினேன்.

மருத்துவமனைக்குத் திரும்பி, வார்டுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்களிடமிருந்த பெட்டியால் என் பெண் இப்படிக் கிடந்தாள். அதே லாட் இன்னும் எத்தனை கிளினிக்கில் இருக்கிறதோ, எத்தனை தகப்பன்கள் ஒரு கோட்டைப் பார்த்துவிட்டுக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கிறார்களோ என்று யோசிக்கத் தொடங்கினால் நிறுத்த முடியவில்லை. பதில் தெரிந்த ஒரே மனிதர் வந்து பேசுகிறேன் என்றிருந்தார். சனிக்கிழமை லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் பார்த்தேன். மதியம் நிறுவனத்தின் டிரைவர் வந்தார். செலோபேன் காகிதம் சுற்றிய பழக்கூடை, அதன் மேல் நிறுவனச் சின்னம் போட்ட அட்டை. விரைவில் நலம் பெறுக என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்து இல்லை. சாந்தி ஆப்பிளை எல்லாம் நர்ஸ்களுக்குக் கொடுத்துவிட்டாள்.

அன்று மாலை தட்டணுக்களின் எண்ணிக்கை இன்னும் இறங்கியது. ஞாயிறு காலை இறங்காமல் நின்றது. நின்றது என்றுதான் டாக்டர் சொன்னார், ஏறியது என்று சொல்லவில்லை. எண்களை நம்பி வாழ்ந்தவன் நான். அந்த எண்ணை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தெர்மாமீட்டரை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், எதற்கென்று தெரியாமல். இன்றும் அது என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

மதியத்துக்கு மேல் அவளைக் கண்காணிப்பு வார்டிலிருந்து ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றினார்கள். அது நல்ல செய்தியா, அவசரமாக இன்னொருவருக்கு இடம் தேவைப்பட்டதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவள் கண்ணைத் திறந்திருந்தாள். சாந்தி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

நாலரைக்குப் பார்வையாளர்களை உள்ளே விட்டார்கள். அப்போதுதான் வந்தார், டாக்டர் நவநீதன் இல்லை, மல்லிகா அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் முடித்து அப்படியே இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நெற்றியில் தலைமுடி வலையின் ரப்பர் அழுத்திய தடம் இன்னும் இருந்தது. என்னை வெளியே கூப்பிடவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே, குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்.

"பெட்டியெல்லாம் லாரியில திரும்ப வந்துக்கிட்டு இருக்கு தம்பி. நேத்து இருந்து நாங்கதான் எண்ணி இறக்குறோம். லேபல் தப்பாப் போச்சுன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க."

லேபல் என்றதும் சாந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு நாளில் முதல் தடவை. அது அழுகையாக மாறுவதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மல்லிகா அக்காவிடம் அன்றைக்குச் சிரித்ததற்கு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதைக் கேட்கிற மாதிரி இல்லை. என்னைச் சுற்றிக்கொண்டு போய்த் தர்ஷினியின் கையை எடுத்தார். அவள் கையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்தார், போத்தலைச் சாய்ப்பது போலவே. சுட்டு விரல் நகத்தை அழுத்தினார். வெளுத்தது. விட்டார்.

"என்ன டெஸ்ட் ஆன்ட்டி இது?" என்றாள் தர்ஷினி. குரல் கரகரத்தது. அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு.

மல்லிகா அக்கா நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நகத்தில் சிவப்பு ஏறியதும் என் பக்கம் திரும்பினார்.

"ரோஸ் சிரப்," என்றார். "இதுக்குக் கையெழுத்துப் போடு தம்பி."